ஓட்டல் இலையும் மளிகை மூட்டையும்



நம்மில் பலர் ஓட்டல்களுக்கும் மெஸ்களுக்கும் சரக்கு போட்டு வருகிறோம். "அந்த ஓட்டலில் இட்லி முன்பு போல இல்லை", "சாம்பார் தண்ணீராக இருக்கிறது", "சப்ளையர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை" என்று ஊரில் நாலு பேர் பேசுவது நம் காதிலும் விழுகிறது. அது ஓட்டல்காரர் பாடு, நமக்கென்ன என்று விட்டுவிடுகிறோம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தேன். 1978-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, மதுரை கீழமாசி வீதியில் என் தகப்பனாரின் பருப்பு மொத்தக் கடையில் உட்கார்ந்தவன் நான். ஓட்டல் இலையில் விழும் பண்டத்திற்கும் நம் கிட்டங்கியில் அடுக்கியிருக்கும் மூட்டைக்கும் உள்ள தொடர்பு எனக்குப் புரிய 18 வருடம் ஆயிற்று. புரிந்த விதமும் பெருமைப்படத் தக்கதல்ல. அதையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் பயன்படட்டும்.

சாப்பிட வருகிறவர் எதைப் பார்க்கிறார்?

ஓட்டலுக்கு வருகிறவர் முக்கியமாக மூன்று காரியங்களைப் பார்க்கிறார். முதலாவது, நேற்றுச் சாப்பிட்ட ருசி இன்றும் இருக்கிறதா என்பது. இரண்டாவது, இலை, டம்ளர், மேஜை, கை கழுவும் இடம் இவையெல்லாம் சுத்தமாக இருக்கின்றனவா என்பது. மூன்றாவது, கேட்டது நேரத்தில் வருகிறதா, கொண்டு வருகிறவர் முகம் சுளிக்காமல் வைக்கிறாரா என்பது. விலை இவற்றுக்குப் பிறகுதான். முதல் மூன்றும் சரியாக இருந்தால் ஒரு ரூபாய் கூடினாலும் முணுமுணுத்துக்கொண்டே வந்துவிடுவார். மூன்றும் சரியில்லை என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் மறுநாள் வரமாட்டார்.

இதில் முதலாவதை நன்றாகக் கவனிக்க வேண்டும். தினம் வருகிற வாடிக்கையாளர் அபூர்வமான ருசியைத் தேடி வருவதில்லை. அதே ருசியைத் தேடித்தான் வருகிறார். திங்கட்கிழமை பூப்போல இருந்த இட்லி வியாழக்கிழமை கல்லாக இருந்தால் அவருக்கு நம்பிக்கை போய்விடுகிறது. அதே ருசி வர வேண்டுமானால் மாஸ்டரின் கைப்பக்குவம் மட்டும் போதாது. அதே சரக்கும் வர வேண்டும். மாஸ்டர் கை ஓட்டல்காரரைச் சேர்ந்தது. சரக்கு நம்மைச் சேர்ந்தது.

இட்லிக் கணக்கு

ஓட்டல்களில் பெரும்பாலும் 4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உருண்டை உளுந்து என்று போடுகிறார்கள். ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் சேர்ந்தால் ஏறக்குறைய 50 இட்லி வரும். அப்படியானால் ஒரு கிலோ உளுந்து சுமார் 200 இட்லிக்குப் பொறுப்பு ஏற்கிறது.

அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்குதான் என்றாலும் இட்லியைத் தூக்கி நிறுத்துவது உளுந்துதான். மாவு புளிக்கும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைப்பது உளுந்து மாவின் பசைத்தன்மை. பிடித்து வைத்தால் மாவு பொங்கும், இட்லி உப்பும். உளுந்து பழசாகிவிட்டால் தண்ணீரைச் சரியாகக் குடிப்பதில்லை. அரைத்தால் மாவு காண்பதில்லை. வாயு நிற்பதில்லை. இட்லி தட்டையாகி, ஆறியதும் இறுகிவிடுகிறது. வடைக்கும் இதே கதைதான். மாவு காணாததால் மாஸ்டர் தண்ணீரைக் கூட்டுவார். தளர்ந்த மாவு எண்ணெயைக் குடிக்கும். சாப்பிடுகிறவர் வடையைத் தாளில் அழுத்திப் பார்த்துவிட்டு, "என்ன எண்ணெயோ" என்பார். குற்றம் எண்ணெயில் இருக்காது, உளுந்தில் இருக்கும்.

இப்போது நமக்கு வரும் உளுந்தில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வருகிறது. எஃப்.ஏ.க்யூ. என்றும் எஸ்.க்யூ. என்றும் இரண்டு ரகம் சொல்வார்கள். எஸ்.க்யூ. பருமனும் அதிகம், விலையும் அதிகம். நம் மாவட்டங்களிலும் நெல் அறுத்த வயலில் விளையும் உளுந்து மாசி, பங்குனியில் வரத்தாகிறது. ரகம் எதுவானாலும், எந்த வருடத்துச் சரக்கு, எத்தனை மாதம் கிட்டங்கியில் கிடந்தது என்பது மில்லில் தோல் நீக்கி, பாலிஷ் போட்ட பிறகு கண்ணுக்கு எளிதில் தெரியாது. அங்கேதான் நமக்குச் சோதனை வருகிறது.

என் கடையில் நடந்தது

1996-ஆம் வருடம். ரயில் நிலையம் பக்கத்தில் 40 பேர் உட்காரக்கூடிய சைவ ஓட்டல் ஒன்று எங்களிடம் வாடிக்கை. வாரத்திற்கு ஒரு மூட்டைக்குக் குறையாமல் உளுந்து போகும். அதன் முதலாளி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். பதினைந்து நாள் தவணை என்றால் பதினைந்தாம் நாள் காலையில் பணம் வந்துவிடும்.

அந்த வருடம் எங்கள் கிட்டங்கி மூலையில் முந்தின வருடத்து உளுந்து 14 மூட்டை தங்கிவிட்டது. வண்டு இல்லை, வாடை இல்லை. நிறம் மட்டும் லேசாக மங்கியிருந்தது. புதுச் சரக்கு விலை ஏறிக்கொண்டிருந்தது. பாதிக்குப் பாதி கலந்து அனுப்பினால் கிலோவுக்கு 3 ரூபாய் மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன். குமாஸ்தாவிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் தயங்கி, "ஓட்டலுக்குமா?" என்று கேட்டார். "அரைச்சா எல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்னேன். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

பத்து நாளில் ஓட்டலில் இட்லி கெட்டது. மாஸ்டர் தண்ணீரைச் சந்தேகப்பட்டார், அரிசியை மாற்றிப் பார்த்தார், ஊறும் நேரத்தைக் குறைத்தார், கடைசியில் சோடா உப்பைப் போட்டார். இட்லி மஞ்சளடித்துச் சோடா வாடை வந்ததுதான் மிச்சம். அண்ணாச்சிக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. உளுந்தைக் குறைத்துப் போட்டு மீதியை மாஸ்டர் வெளியே விற்கிறார் என்று நினைத்துவிட்டார். 11 வருடம் வேலை பார்த்த மனிதரை, டேபிள் துடைக்கிறவர்கள் முன்னால் வைத்துக் கேட்டுவிட்டார். மாஸ்டர் அன்றைக்கே கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு நாள் உறவினர் ஒருவரை ரயில் ஏற்றிவிட்டு அந்த ஓட்டலுக்குச் சாப்பிடப் போனேன். காலை எட்டு மணிக்கு இடம் கிடைக்காத ஓட்டலில் பாதி மேஜை காலி. பக்கத்து மேஜைக்காரர் இட்லியைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஒரு மாசமா இட்லி இப்படி இருக்கு?" என்று கேட்டார். சப்ளையர் நிற்காமல், "இன்னைக்கு இதுதான் சார்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. ஒரு இட்லியோடு எழுந்து, முழுப் பில்லையும் கொடுத்துவிட்டுப் போனார். என் இலையிலும் அதே இட்லி. அது யாருடைய உளுந்து என்று எனக்குத் தெரியும். அப்போதாவது கல்லாவில் இருந்த அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வியாபாரம் எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உண்மையைக் கண்டுபிடித்தவர் புதிதாக வந்த மாஸ்டர். ஊறப் போடும் முன் ஒரு கை அள்ளிப் பார்த்தவர், "இது ரெண்டு வருசத்துச் சரக்கு, கலந்திருக்கு" என்று சொல்லிவிட்டார். மறுநாள் அண்ணாச்சி என் கடைக்கு வந்தார். தாளில் மடித்த உளுந்தை மேஜை மேல் வைத்தார். சத்தம் போடவில்லை. பாக்கி முழுவதையும் எண்ணி வைத்துவிட்டு, "பழைய சரக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உளுந்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருப்போம் தம்பி. அந்த மனுசனைத் திருடன்னு சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். அதன்பிறகு அவர் எங்கள் கடைப் படி ஏறவே இல்லை. சந்தையில் யாரிடமும் என்னைப் பற்றிக் குறை சொன்னதாகவும் தெரியவில்லை.

கணக்கைப் பாருங்கள். கிலோவுக்கு 3 ரூபாய். 200 இட்லிக்கு 3 ரூபாய் என்றால் ஒரு இட்லிக்கு ஒன்றரைப் பைசா. அந்த ஒன்றரைப் பைசாவுக்காகப் பல வருட வாடிக்கையை இழந்தேன். ஓட்டல்காரர் தன் வாடிக்கையாளர்களை இழந்தார். ஒரு தொழிலாளி தன் மானத்தை இழந்தார்.

மற்ற சரக்குகள்

உளுந்துக்குச் சொன்னது மற்றவற்றுக்கும் பொருந்தும். துவரம் பருப்பு வெப்பத்திலும் ஈரத்திலும் நாள்பட்டுக் கிடந்தால் வேகாது. மாஸ்டர் கூடுதல் நேரம் அடுப்பை எரிப்பார், அல்லது சோடா உப்பைப் போடுவார். சோடாவினால் பருப்பு குழையும், ஆனால் ருசியும் சத்தும் குறையும். வேகாத பருப்பில் புளியை ஊற்றிவிட்டால் அதற்குப் பிறகு அது வேகவே வேகாது. சாம்பாரில் பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று துவரை நம் நாட்டில் விளைவது போக பர்மா, மொசாம்பிக், தான்சானியா என்று பல இடங்களிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றும் வேகும் நேரம் வேறு. இந்த வாரம் சரக்கு மாறியிருக்கிறது என்று நாம் சொன்னால்தான் மாஸ்டர் அடுப்படியில் அதற்குத் தக்கபடி நடந்துகொள்வார்.

புளியும் அப்படியே. மாசி, பங்குனியில் வரும் புதுப்புளி செம்மையாக இருக்கும். நாளாக ஆகக் கறுக்கும், சாம்பாரும் கறுக்கும். மிளகாயில் நிறத்திற்கு ஒரு ரகம், காரத்திற்கு ஒரு ரகம். ராமநாதபுரம் குண்டு மிளகாய் போட்டுக்கொண்டிருந்தவருக்குச் சொல்லாமல் குண்டூர் மிளகாயைப் போட்டால் அன்றைய சட்னியைச் சாப்பிட்டவர் தண்ணீரைத் தேடுவார்.

காபித் தூளில் சிக்கரி கலக்கலாம். ஆனால் காபியின் அளவு 51 சதவீதத்திற்குக் குறையக் கூடாது, கலந்த அளவைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது விதி. சிக்கரி கூடினால் டிகாஷன் கறுப்பாக இறங்கும், மணம் இருக்காது. டிபன் நன்றாக இருந்தும் காபி சரியில்லை என்றால், வெளியே போகிறவர் நாக்கில் கடைசியாக நிற்பது அந்தக் காபிதான்.

சமையல் எண்ணெயைப் பொறுத்தவரை, திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் சேரும் கேடான பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை உபயோகிக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. சாப்பிடுகிறவருக்குச் சதவீதம் தெரியாது. ஆனால் தொண்டை கரகரப்பதும், சாயங்காலம் வரை நெஞ்சு கரிப்பதும் தெரியும்.

ஓட்டல்காரர் ஏன் விலையில் இவ்வளவு நெருக்குகிறார் என்று நாம் குறைப்படுகிறோம். 2017 நவம்பர் 15 முதல் சாதாரண ஓட்டல்களுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று ஆனபோது, நம்மிடம் வாங்கும் சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. ஆகவே நாம் போடும் வரியும் அவருக்குச் செலவுதான். அவர் விலை குறைக்கச் சொல்லும்போது, குறைந்த தரத்தை அதே பெயரில் கொடுத்துவிடும் ஆசை நமக்கு வருகிறது. முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடலாம். அல்லது, "இந்த விலைக்கு இந்தத் தரம்தான் வரும்" என்று காட்டிக் கொடுக்கலாம். இரண்டும் கௌரவமான வியாபாரம்.

பரிமாறுகிறவரின் ஒரு சொல்

சரக்கு முழுக்கச் சரியாக இருந்தாலும் என்றாவது ஒரு நாள் ஏதாவது ஒன்று கெடத்தான் செய்யும். அன்றைக்கு ஓட்டலைக் காப்பாற்றுவது பரிமாறுகிறவரின் வாய்ச்சொல்தான்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஸ். ஒரு மதியம் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர், "சாதம் அரை வேக்காடா இருக்குப்பா" என்றார். மெஸ் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து, அந்த இலையிலிருந்தே ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "ஆமாங்கய்யா, தப்புதான். பத்து நிமிஷம் பொறுத்துக்கிடுங்க" என்று இலையை எடுக்கச் சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். உள்ளே போய் அந்தப் பானைச் சாதம் மேற்கொண்டு வெளியே வராமல் நிறுத்தினார். பிறகு புது இலை, புதுச் சாதம். சாப்பாட்டுக்குக் காசு வாங்கவில்லை.

"அறுபது, எழுபது ரூபாயை விட்டுட்டீங்களே?" என்று பிறகு கேட்டேன். "சொல்லிட்டுப் போறவர் திரும்ப வரணும்னு நினைக்கிறவர். சொல்லாமப் போறவரைத்தான் நாம பிடிக்க முடியாது" என்றார். இன்றைக்குச் சிலர் வெளியே போனதும் கைபேசியில் நட்சத்திரம் போட்டுப் பாராட்டியோ திட்டியோ எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதுகிறவர்களும் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலோர் என் பக்கத்து மேஜைக்காரர் போல, பில்லைக் கொடுத்துவிட்டுச் சும்மா போய்விடுகிறவர்கள்.

நம் கடையிலும் இதுவேதான். "பருப்பு வேகலை" என்று சரக்கைத் திருப்பிக் கொண்டு வருகிற ஓட்டல்காரரிடம், "மத்தவங்க யாரும் சொல்லலையே, உங்க தண்ணி சரியில்லை" என்று பதில் சொல்லி அனுப்புகிறோமே, அது "இன்னைக்கு இதுதான் சார்" என்று அந்தச் சப்ளையர் சொன்னதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

சமையலறையைத் திறந்து காட்டியவர்கள்

பெங்களூரில் மாவள்ளி டிபன் ரூம்ஸ், அதாவது எம்.டி.ஆர்., என்றால் தெரியாதவர் இல்லை. 1924-இல் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த மையா சகோதரர்கள் ஆரம்பித்த சின்ன ஓட்டல் அது. அவர்களில் யக்ஞநாராயண மையா 1951-இல் ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள உணவு விடுதிகளைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் பாத்திரங்களைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் முறையைக் கொண்டு வந்தார். சாப்பிட வருகிறவர்கள் சமையலறையைப் பார்த்துவிட்டுப் போய் உட்காரலாம் என்ற வழக்கத்தையும் ஏற்படுத்தினார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது, கோதுமை ரவையில் இட்லி செய்து பார்த்து ரவா இட்லியைக் கொண்டு வந்தவர்கள் தாங்களே என்று அந்த நிறுவனத்தார் கூறுகிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அரிசி குறைவு என்பதற்காக ரவையைக் கலந்து அரிசி இட்லி என்று விற்கவில்லை. ரவா இட்லி என்று பெயர் வைத்தே விற்றார்கள். சரக்கு மாறியதைச் சொல்லி விற்றதால் அதுவே ஒரு புதுப் பலகாரமாகி, இன்று எல்லா ஊர் ஓட்டலிலும் இருக்கிறது.

1975-இல் நெருக்கடி நிலைக் காலத்தில் ஓட்டல் பண்டங்களுக்கு மிகக் குறைந்த விலை நிர்ணயித்தார்கள். அந்த விலைக்குத் தரத்தைக் காப்பாற்ற முடியாத நிலையில் அவர்கள் ஓட்டலை மூடினார்கள். பிறகு பலகார மாவு வகைகளைப் பாக்கெட்டில் போட்டு விற்கும் தொழிலில் இறங்கினார்கள். அந்தப் பாக்கெட் வியாபாரம் 2007-இல் நார்வே நாட்டு ஆர்க்லா நிறுவனத்துக்குக் கைமாறியது. அந்தப் பாக்கெட்டுகளை இன்று நாமே நம் கடை அலமாரியில் அடுக்கி விற்கிறோம். ஓட்டலில் சம்பாதித்த பெயர்தான் மளிகைக் கடைக்கும் வந்திருக்கிறது.

சட்டம் நம்மையும் சேர்த்தே பேசுகிறது

1954-ஆம் ஆண்டுக் கலப்படத் தடைச் சட்டம் போய், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் மொத்த வியாபாரிக்கும் சில்லறை வியாபாரிக்கும் தனித்தனியாகப் பொறுப்புச் சொல்லியிருக்கிறார்கள். நம்மில் பலர் கவனிக்காத ஒரு பிரிவு 26(4). உணவுப் பொருளை மற்றொரு வியாபாரிக்கு விற்கும்போது அதன் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும். தனியாக எழுதித் தராவிட்டாலும் நாம் கொடுக்கும் பில்லே அந்த உத்தரவாதமாகக் கருதப்படும் என்று அது சொல்கிறது. ஆகவே பில்லில் "உளுந்து முதல் தரம்" என்று எழுதுவது வெறும் வழக்கம் அல்ல. அது நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வாக்கு. சிட்டையில் எழுதிக் கொடுத்தாலும் நம் வாக்கு வாக்குதான்.

2022 ஜனவரி 1 முதல் பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவு எண்ணை அச்சிட வேண்டும் என்றும் ஆகிவிட்டது. ஓட்டல்காரருக்கும் இது பொருந்தும், நமக்கும் பொருந்தும். சாப்பிட்டவர் புகார் கொடுத்து அதிகாரி ஓட்டலுக்கு வந்தால், அவர் அடுத்துக் கேட்பது சரக்கு வாங்கிய பில்லைத்தான். அது நம் கடைக்கு நேராக வழி காட்டும். இன்னொன்று, தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. கொதிக்கும் சாம்பாரைக் கட்டுவதற்கு அந்தக் கவர்களை விற்பதை நாம் நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும்.

நாம் செய்யக்கூடியவை

என் கடையில் 1996-க்குப் பிறகு கடைப்பிடித்து வருவதைக் கீழே தருகிறேன். பெரிய செலவு எதுவும் இல்லை.

1. சரக்கு வந்த மாதமும் வருடமும் மூட்டை மேல் சாயத்தில் எழுதப்படும். முதலில் வந்தது முதலில் வெளியே போகும்.

2. புது லாட் வந்ததும் பழைய லாட்டிலிருந்தும் புதியதிலிருந்தும் ஒரே எடையில் உளுந்து எடுத்து, ஒரே அளவு நேரம் ஊற வைத்து, மறுபடி நிறுத்துப் பார்ப்போம். கூடுதலாகத் தண்ணீர் குடித்தது நல்ல சரக்கு. அரைத்த மாவைச் சிறிது தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். பருப்பாக இருந்தால் இரண்டையும் வீட்டில் வேக வைத்து நேரத்தைக் குறித்துக்கொள்வோம்.

3. லாட் மாறினால், மூட்டை போகும் முன்பே ஓட்டலுக்குச் சொல்லிவிடுவோம். முதலாளியிடம் மட்டும் சொன்னால் போதாது, மாஸ்டரிடமும் சொல்ல வேண்டும். இரண்டு கிலோ சாம்பிளை முந்தின நாளே அனுப்பிவிடுவோம்.

4. பழைய சரக்கைப் பழைய சரக்கு என்று சொல்லி, விலையைக் குறைத்து விற்போம். அதற்கும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

5. குறை சொல்லிச் சரக்கைத் திருப்பினால் முதலில் வாங்கி வைத்துக்கொள்வோம். விவாதம் பிறகு. மீதி லாட் வேறு யாருக்குப் போயிருக்கிறது என்று பேரேட்டைப் பார்த்து, அவர்களிடமும் விசாரிப்போம்.

6. மாதம் ஒரு முறையாவது நம் சரக்கு போகும் ஓட்டலில் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டும். சப்ளையர் நம்மைத் தெரிந்தவராக இருந்தால் மகனையோ குமாஸ்தாவையோ அனுப்ப வேண்டும். பேரேட்டில் தெரியாதது இலையில் தெரிந்துவிடும்.

7. கொள்முதல் திடீரென்று குறைந்தால், பாக்கியை நெருக்குவதற்கு முன் காரணத்தைக் கேட்க வேண்டும். கூட்டம் குறைந்துபோன ஓட்டலில் நம் பணமும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நிறைவாக

அந்தப் பழைய மாஸ்டரைத் தேடிப் போனேன். திருமங்கலத்தில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்கிட்ட தனியா வந்து சொல்றீங்க முதலாளி. என்னைக் கேட்டது எல்லார் முன்னாடியும் வச்சுல்ல" என்றார். அதற்கு முன்பே அண்ணாச்சியும் நேரில் வந்து கூப்பிட்டிருக்கிறார். அவர் திரும்பப் போகவில்லை. அந்த ஓட்டல் மேலும் மூன்று வருடம் நடந்து பிறகு மூடப்பட்டது. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் கூட்டம் குறையத் தொடங்கியது எந்த மாதத்தில் என்பது எனக்குத் தெரியும்.

அவர் தனியாகச் சொன்னதாகக் குறைப்பட்டதால், நாலு பேர் படிக்கும் இந்த இதழில் இதை எழுதியிருக்கிறேன். காலம் கடந்துவிட்டது என்றாலும், என் மட்டில் இது கட்ட வேண்டிய பாக்கி.

ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு நம் பெயர் தெரியாது, கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் தெரியாது. ஆனாலும் அவரும் நம் வாடிக்கையாளர்தான். அவர் இலையைப் பாதியில் மூடிவிட்டுச் சொல்லாமல் போகும்போது நம் கடையை விட்டும் ஒருவர் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஓட்டலுக்குச் சரக்கு ஏற்றும்போது, லாட் மாறியிருந்தால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்புங்கள்.